இடிப்பதற்கு முதல் எண்ணுவோம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் வரும் கூட்டத்துக்கு முதல் வாசித்துவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் விளையாடும் மைதானத்தின் பழைய பவிலியனை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டவேண்டும் என்ற பேச்சு சில மாதங்களாக நடக்கிறது. கட்டவேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மழைக்கு ஒழுகுகிறது. படிக்கட்டில் கொங்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. பிள்ளை ஒன்று விழுந்து அடிபட்ட பிறகு யோசிப்பதைவிட இப்போதே செய்வது நல்லது. ஆனால் கூட்டம் கூடும்போதெல்லாம் பேச்சு புதுக் கட்டடத்தைப் பற்றியே இருக்கிறது. எத்தனை இருக்கை, எந்த நிறம், யார் திறந்து வைப்பது, பெயர்ப்பலகையில் யார் யாருடைய பெயர். பழையது எப்படிப் போகும், எங்கே போகும் என்று கேட்டால், “அதைக் கொந்தராத்துக்காரர் பார்த்துக்கொள்வார்” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

எங்களுடைய கவலை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பெரிய விளையாட்டு அரங்குகளை உலகத்தில் எப்படி இடிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக இந்தத் தவணையில் கொஞ்சம் தேடிப் படித்தோம். பிள்ளைகள் முதலில் கொண்டுவந்தது என்னவோ வெடிவைத்துத் தகர்க்கும் வீடியோக்களைத்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிங்டோம் என்று ஒரு கூரை மூடிய பேரரங்கு இருந்தது. 1976இல் திறந்தார்கள். 2000 மார்ச் 26ஆம் திகதி வெடிவைத்தார்கள். 20 விநாடிக்குள் எல்லாம் தரையில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வகுப்பே கைதட்டியது. ஆனால் அந்த அரங்கின் திருத்த வேலைகளுக்கு வாங்கிய கடனைக் கட்டி முடிக்க 2015 வரை ஆனது என்று சொன்னதும் கைதட்டல் அடங்கிவிட்டது. கட்டடம் போய் 15 வருடத்துக்குப் பிறகும் அதற்குக் கடன் கட்டிய ஊர் அது.

அடுத்ததாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை பிரேசிலில் நடந்தது. பாடசாலையில் வேலை செய்கிறவர்கள் என்பதால் அது எங்கள் மனதைத் தொட்டது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் கைப்பந்துப் போட்டிகளுக்காக ‘எதிர்கால அரங்கு’ என்ற பெயரில் சுமார் 12,000 பேர் இருக்கக்கூடிய ஓர் அரங்கைக் கட்டினார்கள். ஒலிம்பிக் முடிந்ததும் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் அதே அரங்கில் கோல்போல் நடந்தது. பந்துக்குள் மணி வைத்து, சத்தத்தைக் கேட்டுப் பார்வையற்றோர் விளையாடும் ஆட்டம் அது. பார்வையற்றோர் பாடசாலை இருக்கும் எங்கள் ஊருக்கு அதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்த அரங்கை வரைந்தபோதே அதை எப்படிக் கழற்றுவது என்றும் வரைந்துவிட்டார்கள். போட்டி முடிந்ததும் துண்டு துண்டாகக் கழற்றி, அந்தச் சாமான்களைக் கொண்டு நான்கு பாடசாலைகள் கட்டுவதுதான் திட்டம். இரும்புத் தூண்கள், உத்தரங்கள், வெளிச்சுவர்ப் பலகைகள் ஒவ்வொன்றும் அடுத்து எங்கே போகும் என்பது கட்டுகிறபோதே தெரியும். முடிந்தவரை பற்றவைக்காமல் போல்ட், நட் போட்டுப் பூட்டினார்கள். போல்டைக் கழற்றலாம். பற்றவைத்ததை வெட்டத்தான் வேண்டும், வெட்டினால் அளவு போய்விடும்.

நல்ல திட்டம்தான். ஆனால் சொன்னபடி உடனே நடக்கவில்லை. போட்டி முடிந்தது, நகர நிருவாகம் மாறியது, திட்டம் கிடப்பில் போனது. அரங்கு வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. 2022இல்தான் கழற்றத் தொடங்கினார்கள். 2024இல் பாடசாலைகள் திறந்தன. எட்டு வருடம்! 2016இல் தரம் ஒன்றுக்குப் போன பிள்ளை ஆரம்பப் பிரிவையே தாண்டியிருக்கும்.

இருந்தாலும் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். எட்டு வருடம் பிந்தியும் அந்தப் பாடசாலைகளைக் கட்ட முடிந்தது. காரணம், கழற்றக்கூடிய மாதிரிக் கட்டியதும், எது எங்கே போகும் என்று முதலே எழுதிவைத்ததும்தான். எழுதாமல் விட்டிருந்தால், நிருவாகம் மாறிய அன்றே அதுவும் வெறும் பழைய இரும்பாகியிருக்கும்.

கட்டாரில் வேலை செய்யும் எங்களூர்ச் சகோதரர்கள் ‘ஸ்டேடியம் 974’ பற்றிச் சொல்வார்கள். 2022 உலகக் கிண்ணத்துக்காகத் தோஹா துறைமுகத்துக்குப் பக்கத்தில் 974 கப்பல் கொள்கலன்களை இரும்புச் சட்டத்தில் அடுக்கிக் கட்டிய அரங்கு. கட்டாருக்குக் கோல் எடுக்கும் குறியீட்டு எண்ணும் 974தான். போட்டி முடிந்ததும் முழுவதும் கழற்றப்படும் என்றார்கள். ஆனால் உலகக் கிண்ணம் முடிந்து வருடங்கள் போன பிறகும் அது அங்கேயே நின்றது, வேறு ஆட்டங்களும் அதில் நடந்தன. கழற்றக்கூடியது என்பதற்காகக் கழற்றியே ஆகவேண்டும் என்றில்லை. நிற்கிற கட்டடத்துக்கு உபயோகம் இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மலிவான மீள்பயன்பாடு.

சரி, கழற்றக்கூடிய மாதிரிக் கட்டாத பழைய கட்டடங்களை என்ன செய்வது? எங்கள் பவிலியனும் அந்த வகைதானே.

அதற்கு லண்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1923இல் திறந்த பழைய வெம்பிளி அரங்கை 2002, 2003 காலத்தில் இடித்தார்கள். புகழ்பெற்ற இரட்டைக் கோபுரமும் போனது. அந்த இடிபாட்டில் ஒரு பகுதியையும் நகரத்தின் வேறு கட்டட வேலைகளில் வந்த கல்லையும் மண்ணையும் மேற்கு லண்டனில் ஒரு பெரிய வீதியோரம் கொண்டுபோய்க் கொட்டி, நான்கு குன்றுகளாக அமைத்து, 2008இல் பூங்காவாகத் திறந்தார்கள். நோர்தாலா பீல்ட்ஸ் என்று பெயர். வாகன இரைச்சலைக் குன்றுகள் மறைத்துக்கொண்டன. இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டிய லொறிகளிடம் கட்டணம் வாங்கி, அந்தக் காசிலேயே பூங்காவை முடித்தார்கள். நம்மிடம் இரவில் திருட்டுத்தனமாகக் கொட்டப்படுகிற அதே கல்லும் மண்ணும்தான். அங்கே பகலில், கணக்கோடு, காசு கட்டிக் கொட்டினார்கள்.

“அதெல்லாம் வெள்ளைக்கார நாடு சேர், இங்கே நடக்காது” என்று ஒரு பிள்ளை சொன்னது. இங்கேயும் நடந்திருக்கிறது. 2004 சுனாமி காலி நகரத்தைப் புரட்டிப் போட்டபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டைக்கு முன்னால் இருக்கும் சர்வதேச கிரிக்கெட் மைதானமும் நாசமானது. நகரம் முழுவதும் உடைந்த சுவரும் கொங்கிரீட்டும் மலையாகக் கிடந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு காலியில் கட்டட இடிபாட்டுக் கழிவுகளுக்கென்றே ‘கோவாம்’ என்ற நிலையம் உருவானது. இடிபாட்டைத் தரம் பிரித்து, உடைத்து, சல்லியாக மறுபடி பாவிக்கும் வழியைக் காட்டியது. மைதானத்தையும் திருத்தினார்கள். 2007 டிசம்பர் 18ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியோடு அது மறுபடி உயிர்பெற்றது. 2010 ஜூலையில் முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்ததும் அதே மைதானத்தில்தான்.

அந்த மைதானத்துக்கே 2018இல் இடிப்புப் பேச்சு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். காலிக் கோட்டை 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னம். சுனாமிக்குப் பிறகு கட்டிய பவிலியன் கோட்டையை மறைக்கிறது, மரபுரிமை அந்தஸ்தே போய்விடும், அதை அகற்றவேண்டும் என்று அரசாங்கத் தரப்பிலேயே பேசினார்கள். நாடு முழுக்கச் சர்ச்சையானது. கடைசியில் இடிக்கவில்லை, இன்றும் அங்கே டெஸ்ட் நடக்கிறது. அப்போது கோட்டையா கிரிக்கெட்டா என்று எல்லோரும் சண்டை பிடித்தார்கள். இடித்தால் அந்தச் சாமான்கள் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் எங்கள் காதில் விழவில்லை.

கொழும்பிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. கொழும்பு 7இல் உள்ள ரேஸ்கோர்ஸ் 1893இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மீது குண்டு போட வந்த ஈஸ்டர் ஞாயிறன்று, அவற்றை எதிர்த்துப் பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் இரண்டு இடங்களில் இருந்து எழும்பின. ஒன்று எங்கள் இரத்மலானை விமான நிலையம். மற்றது அவசர ஓடுபாதையாக மாற்றிய அந்த ரேஸ்கோர்ஸ். யுத்தம் முடிந்தது, 1950களில் பந்தயமும் நின்றது, கட்டடம் பல வருடம் பாழடைந்து கிடந்தது. பிறகு அந்தப் பழைய பார்வையாளர் மேடையை இடித்துத் தள்ளாமல், திருத்திக் கடைத்தொகுதியாக்கினார்கள். முன்னால் விளையாட்டு மைதானம். குதிரைப் பந்தயத்தோடு எங்களுக்கு எந்த உறவும் இல்லை. ஆனால் கட்டடம் என்ன பாவம் செய்தது? இன்று அங்கே குடும்பத்தோடு போய்த் தேநீர் குடிக்கிறோம்.

இனி வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

தரம் பத்தில் ஒரு பிள்ளை. அவனுடைய வாப்பா பழைய இரும்பு, போத்தல், பேப்பர் வாங்கி விற்கிறவர். வகுப்பில் சிலர் அவனைப் ‘போத்தல் பத்தர’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீதியில் கேட்கிற அந்தச் சத்தத்தை அவனைக் கண்டால் இழுத்துப் போடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டு போய்விடுவான். பிள்ளைகள் இப்படிச் சிரிப்பதன் அர்த்தம் பாடசாலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

பவிலியனில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பட்டியல் போடச் சொன்னோம். மற்றப் பிள்ளைகள் கல், சீமெந்து, இரும்பு, தகரம் என்று நான்கைந்தோடு நிறுத்திவிட்டார்கள். அவன் எழுதிய பட்டியல் கொப்பியில் இரண்டு பக்கம். கூரைக் கம்பி, போல்ட், ஆணி, அலுமினியச் சட்டம், செம்பு வயர், பித்தளைக் குழாய்த் திருகு, பிளாஸ்டிக் இருக்கை, கண்ணாடி, பலாப் பலகைக் கதவு, அதன் பித்தளைத் தாழ்ப்பாள். எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதியிருந்தான். அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு காந்தத்தையும் கொண்டுவந்தான். காந்தம் பிடித்தால் இரும்பு, பிடிக்காவிட்டால் அலுமினியமா செம்பா பித்தளையா என்று நிறத்தையும் பாரத்தையும் பார்க்கவேண்டும் என்று முன்னால் நின்று செய்து காட்டினான். செம்பு வயரைச் சிலர் எரித்து எடுப்பார்கள், அந்தப் புகை நஞ்சு, தன் வாப்பா பிளேட்டால் உரித்துத்தான் எடுப்பார், உரித்த செம்புக்கு விலையும் கூட என்றான். விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் ஒரு தவணை படிப்பிப்பதை அவன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான்.

பிறகு அவன் சொன்ன ஒரு வசனத்தை அப்படியே எழுதுகிறோம்.

“வாப்பா செல்ற சேர், ஒடைக்க முந்திப் போனா நூறு சாமான் ஈக்கும். ஒடச்ச பொறகு போனா ரெண்டு சாமான்தான். இரும்பும் குப்பையும்.”

ரியோவின் கட்டடக் கலைஞர்கள் வரைபடத்தில் போட்டதையும் வெம்பிளி இடிபாடு போய்ச் சேர்ந்த கதையையும் இந்த மனிதர் ஒரு தள்ளுவண்டியோடு வீதியில் நடந்து தெரிந்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வகுப்பில் அந்தப் பட்டப்பெயரை நாங்கள் கேட்கவில்லை. இருக்கிறதா என்று தெரியாது, எங்கள் காதில் விழவில்லை.

அவன் சொன்னதைக் கணக்கோடும் பார்த்தோம். ஒரு கன மீற்றர் கொங்கிரீட் ஏறத்தாழ 2.4 தொன். பத்து மீற்றர் நீளம், மூன்று மீற்றர் உயரம், இருபது சென்றிமீற்றர் தடிப்பு உள்ள ஒரே ஒரு கொங்கிரீட் சுவர் ஆறு கன மீற்றர், அதாவது பதினான்கு தொன்னுக்கும் மேல். நமது லொறிக் கணக்கில் இரண்டு கியூப்பைவிடச் சற்று அதிகம். ஆனால் உடைத்தால் இடையில் காற்று புகுந்து பொருமி மூன்று கியூப்பாகிவிடும். ஒரு சுவருக்கே இவ்வளவு என்றால் முழுப் பவிலியனுக்கு எத்தனை லொறி? அத்தனை லொறியும் எங்கே போகும்?

ஒழுங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. கொங்கிரீட்டை நொறுக்கி, உள்ளே இருக்கும் கம்பியைக் காந்தத்தால் எடுத்துவிட்டால், மிஞ்சும் சல்லி வீதியின் அடித்தளத்துக்கும் நடைபாதைக்கும் போதும். பழைய சீமெந்து ஒட்டியிருப்பதால் அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும், ஆகவே புதுத் தூணுக்கும் தட்டுக்கும் அதை நம்பிப் போடக்கூடாது. இரும்பை எத்தனை தடவை உருக்கினாலும் அது இரும்புதான். அலுமினியத்தை மறுபடி உருக்கி எடுக்க, மண்ணிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். செங்கல்லைப் பற்றி ஒரு பாஸ் சொல்லித் தந்தார். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்லைத் தட்டித் துப்புரவாக்கி மறுபடி கட்டலாம். சீமெந்துச் சாந்தில் கட்டியது கல்லோடு சேர்ந்தே உடையும். பலாப் பலகைக் கதவையும் தேக்கு ஜன்னலையும் என்ன செய்வது என்று மொரட்டுவைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் யாரிடம் கேட்கவேண்டும்? பழைய பலகைக்கு அங்குள்ள தச்சர்கள் வைத்திருக்கும் மரியாதை புதுப் பலகைக்குக் கூட இல்லை.

நமக்கு இது புதிய விசயமும் அல்ல. ஓடித் தேய்ந்த ரயில் பெட்டிகளைக் கழற்றித் திருத்தி மறுபடி தண்டவாளத்தில் ஏற்றும் வேலைத்தளம் இரத்மலானையில் இருக்கிறது. பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒரு காரின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாகத் தொங்குகிறது. காரைக் கழற்றத் தெரிந்த நாம், கட்டடம் என்றால் மட்டும் பெக்கோவைக் கொண்டுவந்து ஒரே நாளில் நசுக்கிவிடுகிறோம்.

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. இவற்றை மட்டுமாவது எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது கூரை. எங்கள் பவிலியன் கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. நம்மில் பாதிப் பேரின் வீட்டுக் கூரையும் அதுதான். சும்மா மேலே கிடக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. உடைக்கும்போதும் வெட்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கிறது. சுவாசித்தால் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கை 2018 தொடக்கம் இதைக் கட்டுப்படுத்த இருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி, அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. அதோடு நமது அரசாங்கமும் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப் போட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வயிறும் நம் பிள்ளைகளின் நுரையீரலும் ஒரே தராசில் ஏறிய கதை அது.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஓரிடத்தில், பக்கத்து வளவில் ஒரு பழைய மண்டபத்தை இடித்தார்கள். பாடசாலை நேரத்தில்தான். கூரைத் தகடுகளை மேலிருந்து கீழே எறிந்தார்கள். வெள்ளைத் தூசி எங்கள் வகுப்பு மேசைகளில் படிந்தது, பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடினார்கள். போய்ச் சொன்னோம். “இரண்டு நாள்தானே சேர், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். இரண்டு நாளில் முடிந்தது உண்மைதான். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. முப்பது, நாற்பது வயதில் என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. அல்லாஹ் காப்பாற்றவேண்டும்.

இரண்டாவது ஆபத்து, இடிபாடு போய்ச் சேரும் இடம். அந்த மண்டபத்தின் கல்லும் மண்ணும் அத்திடியப் பக்கம் சதுப்பு ஓரத்தில் கொட்டப்பட்டதைப் பிறகு கண்டோம். பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் 1990 முதல் சரணாலயம். பறவைகளுக்காக மட்டும் அல்ல, மழைக்காலத்தில் தெஹிவளைக்கும் இரத்மலானைக்கும் பொரலஸ்கமுவைக்கும் வரும் வெள்ளத்தைத் தாங்கி வைப்பதும் அந்த நிலம்தான். ஈர நிலங்களைப் பேணும் நகரம் என்று 2018இல் கொழும்புக்குச் சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. அதன் ஓரத்தில் ஒவ்வொரு லொறி இடிபாடு விழும்போதும் அவ்வளவு தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது. அந்தத் தண்ணீர் அடுத்த மே மாத மழைக்கு யாருடைய வீட்டுக்குள் வரும்? பெரும்பாலும் பதிந்த இடத்தில் குடியிருக்கும் ஏழையின் வீட்டுக்குள்தான். அவருடைய பிள்ளை நனைந்த கொப்பியோடு எங்கள் வகுப்புக்கு வருகிறது.

வுழூச் செய்யும்போது ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் சமூகம் நாம். வீண்விரயம் பற்றி எத்தனை ஜும்ஆப் பிரசங்கம் கேட்டிருப்போம். குழாயை இறுக்கி மூடிவிட்டு, முப்பது லொறி கல்லையும் கம்பியையும் பலகையையும் சதுப்பில் கொட்ட விட்டால், அந்தப் படிப்பினையைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

ஆகவே, வரும் கூட்டத்தில் நான்கு விசயங்களை முன்வைக்கப் போகிறோம். பெரிய செலவு எதுவும் இல்லை. தேவைப்படுவது கொஞ்சம் நேரமும் ஒரு கொப்பியும்தான்.

ஒன்று. இடிக்கத் தொடங்குவதற்கு முதல் முழுப் பட்டியல் போடவேண்டும். எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், எத்தனை இருக்கை, எவ்வளவு கம்பி, எவ்வளவு வயர். எங்கள் தரம் பத்துப் பிள்ளைகள் வெளியே நின்று பார்க்கக்கூடியதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை விசயம் தெரிந்த பெரியவர்கள் பார்க்கவேண்டும். பழைய சாமான் வியாபாரம் செய்யும் சகோதரர்களையும் பாஸ்மாரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பின்வரிசையில் நிற்க விடாமல் முன்னால் இருக்கச் செய்யுங்கள். இந்த விசயத்தில் நம் எல்லோரையும்விட அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது.

இரண்டு. கூரைத் தகட்டைத்தான் முதலில் கழற்றவேண்டும், பாடசாலை விடுமுறையில், பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. தகட்டை நனைத்து, ஆணியையும் போல்டையும் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, பொலித்தீனில் சுற்றி வைக்கவேண்டும். எறியவோ, அறுக்கவோ, உடைக்கவோ கூடாது. வேலை செய்பவர்களுக்கு அதற்குரிய முகக்கவசம் கொடுக்கவேண்டும், கைலேஞ்சி போதாது. அவர்களும் யாரோ ஒரு பிள்ளையின் வாப்பாதான்.

மூன்று. இடிபாடு எங்கே போகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். எத்தனை லொறி, எந்த இடம், யார் பொறுப்பு. சதுப்பு ஓரத்தில் கொட்டினால் கடைசிக் கொடுப்பனவு இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நல்ல கொந்தராத்துக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார். மைதானத்தின் நீர் தேங்கும் மூலையையும் பாதையையும் உயர்த்த எவ்வளவு கல் தேவை என்று அளந்தால், ஒரு பகுதி வெளியே போகவே தேவையில்லை.

நான்கு. பாவிக்கக்கூடிய சாமான்களில் முதல் உரிமை யாருக்கு என்று முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். போன மழைக்குக் கதவு ஜன்னல் போன வீடுகள் நமது பகுதியில் இருக்கின்றன, சைக்கிள் நிறுத்தக் கூரை இல்லாத பாடசாலையும் இருக்கிறது. மிஞ்சியதை விற்று வரும் காசை மைதானக் கணக்கில் போட்டு, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடலாம்.

புதுப் பவிலியனுக்கும் ஒரு விண்ணப்பம். போல்ட் போடக்கூடிய இடத்தில் போல்ட் போடச் சொல்லுங்கள். இன்னும் நாற்பது வருடத்தில் இதையும் யாரோ கழற்றவேண்டி வரும். அநேகமாக இன்று தரம் ஒன்றில் இருக்கிற பிள்ளைகள்தான்.

கூட்டம் நடக்கும் நாளும் நேரமும் அறிவித்ததும் இதே பக்கத்தில் போடுகிறோம். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால், நாங்கள் சொன்னதில் தொழில்ரீதியாகத் திருத்தவேண்டியது இருந்தால், கீழே எழுதுங்கள். முக்கியமாக பாஸ்மாரும், பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர்களும், ரயில்வே வேலைத்தளத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்களும் எழுதுங்கள். எழுதக் கஷ்டம் என்றால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதுவார்கள். எங்கள் தரம் பத்து மாணவன் தன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.